செய்னென் மங்கா என்றால் என்ன? இதழிலிருந்து தொடங்கும் ஓர் அறிமுகம்

தமிழ் பேசிக்கொண்டு நம் வீட்டுத் தொலைக்காட்சிக்குள் வந்த ஷின்சானைக் குழந்தைகள் கார்ட்டூன் என்றே பெரும்பாலோர் நினைக்கிறார்கள். யோஷிட்டோ உசுயி வரைந்த அந்த மங்கா, அதாவது ஜப்பானியப் படக்கதை, 1990-இல் தொடங்கியது 'வீக்லி மங்கா ஆக்‌ஷன்' இதழில். வேலைக்குப் போகும் ஆண்கள் வாங்கிப் படித்த இதழ் அது. அப்பா ஹிரோஷியின் வீட்டுக் கடன், அம்மாவின் தள்ளுபடி விலை வேட்டை, அடங்காத பிள்ளை எல்லாம் ஒரு இளம் தகப்பனின் இடத்திலிருந்து பார்த்தால் வேறு மாதிரி சிரிப்பைத் தரும். அதற்கு 20 ஆண்டுகள் முன்பு இதே இதழில்தான், மகனைத் தள்ளுவண்டியில் வைத்துக்கொண்டு கூலிக்குக் கொலை செய்யும் வாள்வீரனின் கதையான 'லோன் வுல்ஃப் அண்ட் கப்' வெளியானது.

இரண்டுமே செய்னென் மங்கா. கதையின் தன்மையை வைத்துப் பார்த்தால் இரண்டுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. ஒரே இதழின் வாசகருக்காக எழுதப்பட்டவை என்பதுதான் தொடர்பு. பருவ வயது கடந்த ஆண்களை மனதில் வைத்து நடத்தப்படும் இதழ்களில் வரும் மங்கா எல்லாமே செய்னென். சிறுவர் இதழில் வந்தால் ஷோனென். ரத்தம் அதிகமாக இருந்தால் செய்னென் என்று பலர் கணக்குப் போடுகிறார்கள். 'டெத் நோட்' வந்தது 'வீக்லி ஷோனென் ஜம்ப்' இதழில். 'அட்டாக் ஆன் டைட்டன்' வந்தது 'பெஸ்ஸட்சு ஷோனென் மேகசின்' இதழில். இரண்டும் சிறுவர் இதழ்கள். மறுபக்கம், வழி தவறிய ஒரு பூனைக்குட்டியின் அன்றாடத்தைச் சொல்லும் 'சீஸ் ஸ்வீட் ஹோம்' பெரியவர்களுக்கான 'மார்னிங்' இதழில் 2004 முதல் 2015 வரை வந்தது.

இன்னொரு தவறான எண்ணத்தையும் தொடக்கத்திலேயே விலக்கிவிட வேண்டும். 'பெரியவர்களுக்கான இதழ்' என்றதும் ஆபாச இதழ் என்று பொருள் கொள்ளக் கூடாது. 18 வயதுக்கு மேற்பட்டோருக்கு மட்டுமான இதழ்கள் ஜப்பானில் தனித் தட்டில் வைத்து விற்கப்படுபவை. 2019-இல் பெரிய கன்வீனியன்ஸ் ஸ்டோர் நிறுவனங்கள் அவற்றை விற்பதை நிறுத்தின. செய்னென் இதழ்கள் அதே கடைகளில் தொடர்ந்து கிடைக்கின்றன. செய்னென் இதழ்களில் கவர்ச்சிப் படங்களும் பாலியல் காட்சிகளும் வருவது உண்டு. ஆனால் அவை இதழின் ஒரு பகுதிதான்.

இந்த இதழ்கள் எப்படிப் பிறந்தன?

போர் முடிந்தபின் 1947 முதல் 1949 வரை ஜப்பானில் பிறப்பு எண்ணிக்கை பெருகியது. அந்தத் தலைமுறைக்குப் பத்துப் பன்னிரண்டு வயதானபோது, 1959-இல், 'ஷோனென் மேகசின்', 'ஷோனென் சண்டே' என்ற இரண்டு வார இதழ்களும் ஒரே நாளில் வெளிவந்தன. அதே காலத்தில் வாடகைப் புத்தகக் கடைகளுக்கென்றே தனியாக மங்கா அச்சாகிக்கொண்டிருந்தது. ஒசாகாவில் அந்தக் கடைகளுக்காக வரைந்துகொண்டிருந்த யோஷிஹிரோ தட்சுமி, 1957-இல் தன் வகைக் கதைகளுக்கு 'கெகிகா' என்று பெயர் வைத்தார். குழந்தைகளைச் சிரிக்கவைக்கும் படங்களிலிருந்து விலகி, குற்றமும் வறுமையும் இருட்டும் நிறைந்த நகரத்தைச் சினிமா போலக் காட்டிய கதைகள் அவை. தகாவோ சைட்டோவும் இந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவர். 1964-இல் 'காரோ' என்ற சிறு மாத இதழ் தொடங்கி, சன்பெய் ஷிராட்டோவின் 'கமுய்-டென்' தொடரை வெளியிட்டது. விவசாயிகளின் எழுச்சியைச் சொன்ன அந்தத் தொடரைக் கல்லூரி மாணவர்கள் விரும்பிப் படித்தார்கள்.

மங்கா படித்து வளர்ந்தவர்கள் வளர்ந்தபிறகும் அதை விடவில்லை என்பதைப் பதிப்பகங்கள் அப்போது கண்டுகொண்டன. 1967-இல் 'வீக்லி மங்கா ஆக்‌ஷன்' வந்தது. மங்கி பஞ்ச் வரைந்த 'லூபின் III' அதன் முதல் இதழிலேயே தொடங்கியது. 1968-இல் ஷோகாகுகான் பதிப்பகம் 'பிக் காமிக்' இதழைத் தொடங்கியது. ஒசாமு தெசுகா, ஷோட்டாரோ இஷினோமோரி, சன்பெய் ஷிராட்டோ, ஷிகேரு மிசுகி, தகாவோ சைட்டோ என்று அன்றைய பெரும் பெயர்கள் ஐந்தும் அதில் வரைந்தன. சிறுவர் கதைகளுக்குப் பெயர்போன தெசுகா, கொலை, குடும்ப ரகசியம், அரசியல் சூழ்ச்சி என்று இறங்கி எழுதியது இந்த இதழில்தான். அவருடைய 'அயாகோ', 'எம்டபிள்யூ' இரண்டும் இங்கே வந்தவை.

பிறகு வாசகரின் வயதுக்கேற்பப் படிக்கட்டு கட்டத் தொடங்கினார்கள். சிறுவர் இதழை விட்டு வெளியேறும் பதினெட்டு, இருபது வயதுக்காரருக்கு 'யங் ஜம்ப்' (1979), 'யங் மேகசின்' (1980). அதே 1980-இல் 'பிக் காமிக் ஸ்பிரிட்ஸ்'. அலுவலகம் போகிறவருக்கு 1982-இல் 'மார்னிங்'. 1972-இலேயே வந்துவிட்ட 'பிக் காமிக் ஒரிஜினல்' நடுத்தர வயதைத் தாண்டியவர்களையும் பிடித்துவைத்திருக்கிறது. மாத இதழான 'ஆஃப்டர்நூன்' 1986-இல் வந்தது. தலைப்பில் 'யங்' இருந்தால் இளைய வாசகர் என்று தோராயமாகக் கொள்ளலாம்.

இதழைக் கையில் எடுத்தால்

பெரும்பாலானவை பி5 அளவு, அதாவது 182 × 257 மி.மீ. வார இதழ்களை நடுவில் கம்பி அடித்து மடித்திருப்பார்கள். முதுகு தட்டையாக ஒட்டப்பட்ட, செங்கல் போன்ற 'ஷோனென் ஜம்ப்' இதழிலிருந்து இதைப் பார்த்த மாத்திரத்தில் பிரித்தறியலாம். மாத இதழான 'ஆஃப்டர்நூன்' தட்டை முதுகுதான். 1990-களில் ஓர் இதழ் 1,000 பக்கங்களைத் தாண்டியதும் உண்டு. 'யங்' இதழ்களின் அட்டையில் பெரும்பாலும் நீச்சலுடை மாடல்கள். 'பிக் காமிக்' அட்டையில் புகழ்பெற்ற ஒருவரின் முகச்சித்திரம். 'ஒரிஜினல்' அட்டையில் நாய், பூனை போன்ற விலங்குகள்.

உள்ளே பார்க்க வேண்டியது எழுத்து. சிறுவர் இதழில் சீனத்திலிருந்து வந்த ஒவ்வொரு கன்ஜி எழுத்துக்கும் பக்கத்தில் உச்சரிப்பைச் சிறிய எழுத்தில் போட்டிருப்பார்கள். அதற்கு ஃபுரிகானா என்று பெயர். செய்னென் இதழ்கள் பலவற்றில் கடினமான சொற்களுக்கு மட்டுமே அது இருக்கும். எல்லாவற்றுக்கும் போடும் செய்னென் இதழ்களும் உண்டு என்பதால் இதை மட்டும் வைத்து முடிவுகட்டக் கூடாது.

எந்த நாளில் எது வரும் என்பதும் வாசகரின் வாழ்க்கையோடு ஒட்டியது. 'யங் மேகசின்', 'ஸ்பிரிட்ஸ்' திங்கட்கிழமை. 'யங் ஜம்ப்', 'மார்னிங்' வியாழக்கிழமை. 'பிக் காமிக்' மாதம் 10, 25 தேதிகளில். 'ஒரிஜினல்' 5, 20 தேதிகளில். புத்தாண்டு, ஏப்ரல் இறுதி விடுமுறை, ஆகஸ்ட் ஓபோன் பண்டிகை ஆகிய நாட்களை ஒட்டி இரண்டு வாரத்துக்கு ஓர் இதழாகச் சேர்த்துப் போடுவார்கள். அதனால் வார இதழ் என்றாலும் ஆண்டுக்கு 52 கிடைக்காது.

ஒரு அத்தியாயம் உருவாகும் விதம்

ஒவ்வொரு படைப்பாளிக்கும் பொறுப்பாசிரியர் ஒருவர் உண்டு. பதிப்பகத்தின் மாதச் சம்பளக்காரர். முதலில் இருவரும் உட்கார்ந்து அத்தியாயத்தைப் பேசுவார்கள். பிறகு படைப்பாளி 'நேமு' தயாரிக்கிறார். கட்டங்கள் எங்கே விழும், யார் எங்கே நிற்பார், எந்த வசனம் எந்தக் குமிழியில் வரும் என்பதைக் கோட்டுருவங்களாகக் கிறுக்கிய முன்வரைவு இது. எல்லா அடிதடியும் இந்தக் கட்டத்தில்தான். ஆசிரியர் ஒப்புக்கொள்ளும்வரை இரண்டு, மூன்று முறை கூட மாற்றி வரைய வேண்டியிருக்கும். நேமு தேறாமல் படம் வரையத் தொடங்கினால், மை போட்ட பக்கங்களையே தூக்கிப்போட நேரும். படம் எவ்வளவு அழகாக இருந்தாலும் நேமு தளர்ந்திருந்தால் அத்தியாயம் நிற்காது என்பதுதான் என் கருத்தும்.

நேமுவில் கவனிக்க வேண்டிய ஒரு நுட்பம் பக்கம் புரட்டும் இடம். ஜப்பானியப் புத்தகம் வலமிருந்து இடமாகப் போவதால், விரித்த இரண்டு பக்கங்களில் கடைசியாகக் கண் போய் நிற்பது இடப்பக்கத்தின் கீழ் இடது மூலை. 'அடுத்து என்ன?' என்ற கேள்வி அங்கே இருக்க வேண்டும். விடை, புரட்டியவுடன் வரும் வலப்பக்கத்தில் பெரிய கட்டமாக. புதியவர்கள் இதைக் கவனிக்காமல் கொலைகாரனின் முகத்தை இடப்பக்கத்தில் வைத்துவிடுவார்கள். வாசகர் விரித்த கணமே அது கண்ணில் பட்டு, வலப்பக்கம் முழுக்க வளர்த்த பதற்றம் வீணாகிவிடும்.

நேமு தேறியதும் பென்சில், பிறகு மை, பிறகு கறுப்பு நிரப்புவது, கடைசியாக டோன், அதாவது நிழல் காட்ட இடும் புள்ளிகள். தொழில்முறைத் தாள் பி4 அளவு. அதில் முக்கியமானவை அடங்க வேண்டிய உட்சட்டம் 180 × 270 மி.மீ., அச்சில் வெட்டப்படும் எல்லை 220 × 310 மி.மீ. விளிம்பு வரை போகும் படத்தை அந்த எல்லைக்கும் வெளியே நீட்டி வரைய வேண்டும். இல்லையென்றால் வெட்டும்போது வெள்ளைக் கீற்று தெரியும். வசனத்தை உட்சட்டத்துக்கு வெளியே வைத்தால் வெட்டில் போகலாம், அல்லது முதுகு மடிப்புக்குள் புதைந்துவிடலாம்.

இந்தத் தாள் இதழில் அச்சாகும்போது ஏறத்தாழ 83 சதவீதமாகச் சுருங்கும். பிறகு பி6 அளவுத் தொகுப்பு நூலாக வரும்போது 58 சதவீதம். இதை மறந்தால் இரண்டு கோளாறுகள் வரும். 0.1 மி.மீ. கோடு நூலில் 0.06 மி.மீ. ஆகி அங்கங்கே அறுந்துபோகும். நெருக்கமான டோன் புள்ளிகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கறுப்புத் திட்டாகிவிடும். இதழின் தாள் சொரசொரப்பானது, மையை உறிஞ்சிப் பரப்பக்கூடியது என்பதால் இதழிலேயே இந்தத் தொல்லை தொடங்கிவிடும். கணினியில் வரைபவருக்கு வேறு ஆபத்து: புள்ளிகளாக மாற்றிய டோனை மறுபடி பெரிதாக்கினாலோ சிறிதாக்கினாலோ அலையலையாகக் கோலம் விழும். அளவை முதலிலேயே முடிவுசெய்து, 600 டிபிஐ (அங்குலத்துக்கு 600 புள்ளி) அல்லது அதற்கு மேல், சாம்பல் நிறம் கலக்காமல் வெறும் கறுப்பு வெள்ளையாகக் கோப்பைக் கொடுப்பது இதனால்தான்.

வசனத்தைப் படைப்பாளி பென்சிலில் எழுதித் தருவார், அச்செழுத்தை ஆசிரியர் குழு அமைக்கும். மங்காவில் கன்ஜிக்குத் தடித்த நேர்க்கோட்டு எழுத்தும், ஒலியைக் குறிக்கும் கானா எழுத்துக்குத் தூரிகைச் சாயல் உள்ள எழுத்தும் சேர்த்துப் போடுவது வழக்கம்.

நேரம்தான் கதையின் வடிவம்

வாரத் தொடர் என்றால் 18 முதல் 20 பக்கம். மாதத் தொடர் 30 முதல் 50. பேச்சும் நேமுவும் இரண்டு மூன்று நாள் எடுத்துக்கொண்டால், படத்துக்கு நான்கு நாள் மிஞ்சும். ஒருவரால் முடியாது. பின்னணிக் கட்டடம், கறுப்பு நிரப்புதல், டோன், வேகக் கோடுகள் இவற்றை உதவியாளர்கள் செய்வார்கள். முகங்களைப் படைப்பாளி செய்வார்.

மகோட்டோ யுகிமுராவின் 'வின்லாண்ட் சாகா' 2005-இல் சிறுவர் வார இதழான 'ஷோனென் மேகசின்' இதழில் தொடங்கியது. 11-ஆம் நூற்றாண்டு வைகிங்குகளின் கப்பல், உடை, ஆயுதம் எல்லாம் ஆய்வு செய்து வரைய வேண்டிய கதை அது. வார வேகத்துக்கு ஈடுகொடுக்க முடியாமல், அந்த ஆண்டு இறுதியிலேயே 'ஆஃப்டர்நூன்' மாத இதழுக்கு மாறியது. நாயகன் பழிவாங்கலைக் கைவிட்டு, ஒரு பண்ணையில் அடிமையாக நிலத்தைத் திருத்தும் நீண்ட பகுதி அங்கேதான் வந்தது. வாரா வாரம் சண்டை எதிர்பார்க்கும் சிறுவர் இதழில் அந்தப் பகுதிக்கு இவ்வளவு இடம் கிடைத்திருக்கும் என்று நான் நினைக்கவில்லை.

நவோகி உரசாவா எதிர்த் திசையில் போனவர். 1999 முதல் 2001 வரை 'ஒரிஜினல்' இதழில் 'மான்ஸ்டர்', வார இதழான 'ஸ்பிரிட்ஸ்' இதழில் '20-த் செஞ்சுரி பாய்ஸ்' என்று இரண்டையும் ஒரே நேரத்தில் வரைந்தார்.

இந்த வேலைக்கு உடல் கொடுக்கும் விலை பெரிது. 'யங் அனிமல்' இதழில் 'பெர்செர்க்' வரைந்துவந்த கென்டாரோ மியுரா, 2021 மே மாதம் 54 வயதில் பெருந்தமனி கிழிந்து இறந்தார். அவருடைய ஸ்டூடியோ காகா, கதையின் முடிவை அவர் வாயாலேயே கேட்டிருந்த நண்பர் கோஜி மோரியின் மேற்பார்வையில் 2022-இல் தொடரை மீண்டும் தொடங்கியது.

தகாவோ சைட்டோ இந்தச் சிக்கலுக்கு வெகு காலம் முன்பே தீர்வு தேடியிருந்தார். கதை எழுத ஒருவர், துப்பாக்கி வரைய ஒருவர், பின்னணிக்கு ஒருவர் என்று சினிமாப் படக்குழு போலப் பிரித்து, எல்லோருடைய பெயரையும் அத்தியாய இறுதியில் போட்டார். 1968-இல் 'பிக் காமிக்' இதழில் தொடங்கிய 'கோல்கோ 13', 2021-இல் 201-ஆவது தொகுப்போடு கின்னஸ் சாதனை படைத்தது. அதே ஆண்டு செப்டம்பரில் சைட்டோ இறந்தார். தொடர் நிற்கவில்லை. தான் இல்லாமலும் அது தொடர வேண்டும் என்று அவரே விரும்பியிருந்தார்.

எழுதுபவர் ஒருவர், வரைபவர் ஒருவர் என்ற ஜோடி முறையும் செய்னென் இதழ்களில் அதிகம். 'லோன் வுல்ஃப் அண்ட் கப்' கதையைக் கசுவோ கோய்கே எழுத, கோசெகி கோஜிமா வரைந்தார். கோய்கே பின்னாளில் தொடங்கிய பயிற்சிப் பள்ளியில் படித்தவர்களில் ஒருவர் ருமிகோ தகாஹாஷி. 'ஸ்பிரிட்ஸ்' தொடங்கிய 1980-இலிருந்து அவர் அதில் வரைந்த 'மைசோன் இக்கோகு', கணவரை இழந்த இளம் வீட்டு மேலாளரையும், கல்லூரி நுழைவுத் தேர்வில் தோற்ற மாணவரையும் பற்றிய காதல் கதை. ஆண்களுக்கான இதழ் என்பது வாசகரைத்தான் குறிக்கிறது. படைப்பாளிகளில் பெண்கள் நிறைய. ஃபூமி யோஷினாகா 2007 முதல் 'மார்னிங்' இதழில் வரையும் 'வாட் டிட் யூ ஈட் யெஸ்டர்டே?' ஓர் ஆண் ஜோடியின் சமையலறையை விட்டு அதிகம் நகராத கதை.

வேலை, பணம், சாப்பாடு

சிறுவர் கதையில் நாயகன் உலகிலேயே வலிமையானவன் ஆக வேண்டும். செய்னெனில் அவன் சம்பளத் தேதியையும் பார்க்க வேண்டும். கென்ஷி ஹிரோகானே, மட்சுஷிட்டா மின்சாதன நிறுவனத்தில் வேலை பார்த்துவிட்டு வந்தவர். 1983-இல் அவர் 'மார்னிங்' இதழில் தொடங்கிய கோசாகு ஷிமா என்ற அலுவலர், பிரிவுத் தலைவராகத் தொடங்கி, வாசகரோடு சேர்ந்து வயதாகி, 2008-இல் நிறுவனத் தலைவரே ஆகிவிட்டார். யூஜி ஆவோகி 1990-இல் தொடங்கிய 'நனிவா கின்யூடோ', ஒசாகாவின் கந்துவட்டிக் கடை ஒன்றைப் பற்றியது. கடன் பத்திரம், ஜாமீன் கையெழுத்து, பறிமுதல் என ஒவ்வொன்றும் எப்படி நடக்கும் என்று அதைப் படித்துத் தெரிந்துகொள்ளலாம். 2004-இல் தொடங்கிய 'ட்ராப்ஸ் ஆஃப் காட்' கதையில் பெயர் வந்த ஒயின்கள் ஆசியச் சந்தைகளில் விலையேறின.

இதே நெருக்கம் சிக்கலும் தரும். 'ஸ்பிரிட்ஸ்' இதழில் 1983 முதல் வந்த உணவுத் தொடர் 'ஓய்ஷின்போ', 2014-இல், அணு உலை விபத்து நடந்த ஃபுகுஷிமாவுக்குப் போய்வந்தவர்களுக்கு மூக்கில் ரத்தம் வருவதாகக் காட்டியது. உள்ளூர் நிர்வாகங்களும் அரசும் கண்டித்தன, தொடர் நிறுத்திவைக்கப்பட்டது.

படைப்பாளியின் பணக் கணக்கு

இதழ் பக்கத்துக்கு இவ்வளவு என்று கொடுக்கும். புதியவருக்கு ஏறத்தாழ 10,000 யென் என்று வைத்துக்கொள்வோம். வாரம் 18 பக்கம், மாதம் 72 பக்கம், ஆக 7,20,000 யென். மூன்று உதவியாளர்களுக்குத் தலைக்கு 2,00,000 கொடுத்தால் 6,00,000 போய்விடும். மிச்சத்தில் வேலையிட வாடகை, பொருட்கள், சாப்பாடு. பெரிய இதழில் தொடர் வருகிறது என்ற பெருமையோடு கையில் காசில்லாமல் இருக்கும் நிலை இப்படித்தான் வருகிறது.

தொகுப்பு நூல்தான் காப்பாற்றும். வழக்கமான உரிமைத்தொகை விலையில் 10 சதவீதம். 700 யென் நூல் 30,000 படி அச்சானால் 21,00,000 யென். விற்ற படிக்கு அல்லாமல் அச்சிட்ட படிக்குக் கணக்கிடுவது அச்சு நூல்களில் வழக்கம். ஏறத்தாழ 200 பக்கம் சேர்ந்தால் ஒரு நூல். வாரத் தொடருக்கு ஆண்டுக்கு நான்கைந்து நூல்கள் வரும். முதல் இரண்டு தொகுப்புகள் விற்காத தொடரை ஆசிரியர்கள் சீக்கிரம் முடித்துவிடச் சொல்வதற்கும் இந்தக் கணக்கே காரணம். நல்ல கதை ஒன்று மூன்றாம் தொகுப்போடு அவசரமாக முடிந்தால், படைப்பாளிக்குச் சரக்கு தீர்ந்துவிட்டது என்று எண்ண வேண்டாம்.

உள்ளே நுழைய இரண்டு வாசல். முடித்த சிறுகதையை எடுத்துக்கொண்டு முன்கூட்டிச் சொல்லிவிட்டு ஆசிரியர் அலுவலகத்துக்கே நேரில் போய்க் காட்டலாம். அல்லது புதியவர் பரிசுக்கு அனுப்பலாம். 'மார்னிங்', 'யங் மேகசின்' இதழ்களுக்கு டெட்சுயா சிபா பரிசு. 'ஆஃப்டர்நூன்' இதழுக்கு ஆண்டில் நான்கு பருவத்துக்கும் தரப்படும் நாற்பருவப் பரிசு.

இப்போது எங்கே படிப்பது?

மங்கா இதழ்களின் விற்பனை 1995-இல் உச்சத்தைத் தொட்டு இறங்கத் தொடங்கியது. 2005-இல் தொகுப்பு நூல்களின் விற்பனைத் தொகை இதழ்களை முந்தியது. 2019-இல் மின்மங்கா அச்சை முந்தியது. 'இக்கி' இதழ் 2014-இல் நின்றது, 'ஈவ்னிங்' 2023-இல். பதிப்பகங்கள் வலைக்குப் போய்விட்டன: ஷூயெய்ஷாவின் 'தொனாரி நோ யங் ஜம்ப்' 2012-இல் வந்தது, யூசுகே முராட்டா வரையும் 'ஒன் பஞ்ச் மேன்' அங்கேதான் தொடங்கியது. கோடன்ஷாவின் 'காமிக் டேஸ்' 2018-இல் தொடங்கியது. இந்தத் தளங்களில் சில அத்தியாயங்கள் இலவசம், மற்றவற்றைத் தனித்தனியாக விலை கொடுத்துத் திறக்கலாம்.

கையில் உள்ள ஜப்பானியத் தொகுப்பு எந்த இதழிலிருந்து வந்தது என்று அறிய முதுகைப் பாருங்கள். 'யங் ஜம்ப் காமிக்ஸ்', 'மார்னிங் கேசி', 'ஆஃப்டர்நூன் கேசி', 'பிக் காமிக்ஸ்' போன்ற வரிசைப் பெயர் இருக்கும். பெயர் புரியவில்லை என்றால் கடைசிப் பக்கங்களில் முதல் வெளியீட்டுக் குறிப்பு: இதழ் பெயர், ஆண்டு, இதழ் எண். செய்னென் தொகுப்புகள் பெரும்பாலும் பி6 அளவு, சிறுவர் தொகுப்புகளைவிட ஒரு விரல் அகலம் கூடுதல். ஆங்கில மொழிபெயர்ப்பில் அளவு மாறிவிடும். அப்போது தலைப்போடு இதழின் பெயரையும் சேர்த்து இணையத்தில் தேடினால் போதும். பிடித்த ஒரு கதையின் இதழ் தெரிந்துவிட்டால், அதே ஆண்டுகளில் அந்த இதழில் வந்த மற்றத் தொடர்களின் பெயர்களை எடுத்துக்கொள்ளுங்கள். அடுத்துப் படிக்க வேண்டியவற்றின் பட்டியல் அதிலேயே கிடைத்துவிடும்.